வீட்டுக்கடனும் பிற கடன்களும்: இல்லறத்தார்க்கு ஒரு கணக்குப் பாடம்

நவபதார்த்தங்களுள் இறுதியாக வைத்து எண்ணப்படுவது வீடு. தமிழில் அச்சொல் முத்தியையும் குறிக்கும். நாம் குடியிருக்கும் மனையையும் குறிக்கும். வினைக்கட்டு அற்றால் கிட்டுவது முன்னது. பின்னதோ, இந்நாளில் இருபதாண்டுக் கட்டு ஒன்றைப் புதிதாகப் பூண்டால்தான் பெரும்பாலோர்க்குக் கிட்டுகிறது. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்டது பின்னதைப் பற்றிய கணக்கே.

அறநெறி இதழில் வங்கிக் கணக்கு எதற்கு என்று சில பெரியோர் வினவக்கூடும். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து நம் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பணிக்குச் செல்கின்றனர். அங்கே வீடு வாங்க முனையும்போது, தாம் எதிர்பார்த்த தொகையில் பாதியளவே கடனாகக் கிடைக்கும் என்று வங்கியில் கூறக் கேட்டுத் திகைக்கின்றனர். காரணம் அவர்களுக்கும் விளங்குவதில்லை. உடன் கையெழுத்திடச் சென்ற பெற்றோர்க்கும் விளங்குவதில்லை. இல்லறத்தாரின் அணுவிரதங்களுள் ஐந்தாவது, தம் உடைமைக்குத் தாமே வரம்பு கட்டிக்கொள்வது. வரம்பு கட்டுமுன் அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆதலின் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு இதனைப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

வங்கியின் அளவுகோல்

வீட்டின் மதிப்பை மட்டும் கண்டு வங்கி கடன் தருவதில்லை. மாதந்தோறும் கைக்கு வரும் நிகர வருவாயில் எத்தனை பங்கு தவணைகளுக்குச் செல்லலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. இது வங்கிக்கு வங்கி மாறும். வருவாய் குறைந்தவர்க்குக் குறைவாகவும் மிகுந்தவர்க்கு மிகுதியாகவும் இருக்கும். கணக்கு எளிதாகும்பொருட்டுப் பாதி என்றே கொள்வோம். இப்பாதி வீட்டுக்கடனுக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பலர் கருதுவதில்லை. எல்லாக் கடன்களின் தவணைகளுக்கும் சேர்த்து இடப்பட்ட வரம்பு இது. பழைய கடன்கள் முதற்பந்தியில் அமர்ந்து உண்டு எழுந்தபின், எஞ்சியதே வீட்டுக்கடனுக்கு.

ஆண்டு வட்டி 8.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்ச ரூபாய்க் கடனுக்கு மாதத் தவணை ரூ.868 ஆகும். நிகர வருவாய் மாதம் ரூ.60,000 உடைய ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வேறு கடன் இல்லையெனில் தவணைக்குரிய வரம்பு ரூ.30,000. அதனை 868ஆல் வகுக்க, ஏறத்தாழ 34.5 லட்சம் வீட்டுக்கடன் பெறத் தகுதியுடையவர் ஆகிறார்.

இதனைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். 1,000 ரூபாயை 868ஆல் வகுத்தால் 1.15 வருகிறது. அதாவது, வேறு ஏதேனும் கடனுக்கு மாதம் 1,000 ரூபாய் கட்டிக்கொண்டிருப்பவர், வீட்டுக்கடனில் 1,15,000 ரூபாய்க்கான தகுதியை இழந்து நிற்கிறார். இனி வரும் கணக்குகள் அனைத்தும் இவ்வொரு வாய்பாட்டிலிருந்து பிறப்பனவே.

நம் இளைஞருக்கு மூன்று கடன்கள் உள்ளன என்க. முதலாவது, இரு சக்கர வாகனத்துக்காக 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக்கு வாங்கிய ரூ.80,000, தவணை ரூ.2,657, இன்னும் பத்துத் தவணைகள் உள்ளன. இரண்டாவது, தங்கையின் திருமணத்துக்காக 14 விழுக்காட்டில் நான்காண்டுக்கு எடுத்த தனிநபர் கடன் ரூ.3,00,000, தவணை ரூ.8,198; ஓராண்டு கட்டியாகிவிட்டது. மூன்றாவது, கடன் அட்டையில் நிற்கும் பாக்கி ரூ.60,000. அட்டைக்கு நிலையான தவணை இல்லையாதலால், பாக்கியில் 5 விழுக்காட்டை மாதப் பொறுப்பாகக் கொள்வது பல வங்கிகளின் வழக்கம், அது ரூ.3,000. மூன்றும் கூட்டினால் ரூ.13,855. முப்பதாயிரத்தில் இதனைக் கழிக்க எஞ்சுவது ரூ.16,145. அதற்குக் கிடைக்கும் வீட்டுக்கடன் 18.6 லட்சம்.

முப்பத்து நான்கரை எங்கே, பதினெட்டரை எங்கே! இத்தனைக்கும் இன்றைய நாளில் அவர் அடைக்க வேண்டிய அசல் மூன்று கடனுக்கும் சேர்த்துச் சுமார் மூன்றேகால் லட்சமே. மூன்றேகால் லட்சப் பழங்கடன், பதினாறு லட்சப் புதுக்கடனைத் தடுத்துவிட்டது. கடன் தொகையைப் பார்த்து 'இது சிறிது' என்று நாம் எண்ணுகிறோம். வங்கியோ தவணையைப் பார்க்கிறது.

கட்டு நால்வகை

தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவது கற்பித்தலின் முதல் நெறி. நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த ஒன்றை இங்கு உவமையாகக் கொள்வோம். தத்துவார்த்த சூத்திரத்தின் எட்டாம் அத்தியாயம் வினைக்கட்டினை நான்காக வகுக்கிறது: பிரகிருதி, ஸ்திதி, அனுபாகம், பிரதேசம். வினையின் இயல்பு, அது ஒட்டியிருக்கும் காலம், பயன்தரும் வலிமை, ஒட்டிய அணுக்களின் அளவு என்பன இவற்றின் பொருள். கடனையும் இந்நான்காலும் அளக்கலாம். எதற்காக வாங்கியது, எதனை ஈடாக வைத்தது என்பன இயல்பு. தவணைகள் எத்தனை என்பது காலம். வட்டி வலிமை. அசல் அளவு. (உவமையை ஓர் எல்லைக்கு மேல் இழுத்தல் தகாது. தவத்தால் வினை உதிரும். தவத்தால் வங்கிக்கடன் உதிராது.)

நம்மவர் அளவு ஒன்றையே நோக்குவர். காலத்தை நோக்கினால் வியப்பான முடிவுகள் கிடைக்கின்றன. மேற்சொன்ன தனிநபர் கடன் மூன்று லட்சம், வீட்டுக்கடன் தகுதியில் 9.4 லட்சத்தை விழுங்குகிறது. நான்கு லட்ச ரூபாய்க் கல்விக்கடனை 10 விழுக்காட்டில் பத்தாண்டுகளில் அடைப்பதாக வைத்தால், தவணை ரூ.5,286; அது விழுங்குவது 6.1 லட்சமே. பெரிய கடன் குறைவாகத் தடுக்கிறது. சிறிய கடன் மிகுதியாகத் தடுக்கிறது. காலம் நீண்டதே காரணம். ஆயினும் நீட்சி இலவசம் அன்று. தனிநபர் கடனுக்கு நான்காண்டில் செல்லும் வட்டி ரூ.93,500 அளவு, கல்விக்கடனுக்குப் பத்தாண்டில் செல்வது ரூ.2,34,000க்கு மேல். வங்கியின் கண்ணுக்கு எளிதாகத் தோன்றும் கடன், நம் பைக்கும் எளிது என்று கொள்ளலாகாது.

கல்விக்கடனில் பெற்றோர் அறியவேண்டியது ஒன்று உண்டு. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டு வரையிலும் தவணை கட்டத் தேவையில்லாதபடி வங்கிகளின் மாதிரித் திட்டம் அமைந்துள்ளது. கட்டாத காலத்தில் கடன் உறங்குகிறது என்று எண்ணிவிடுகிறோம். வட்டி உறங்குவதில்லை, நாள்தோறும் ஏறுகிறது. மேலும், அக்கடனில் தந்தையோ தாயோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டிருப்பர். ஆகவே மகளின் படிப்புக்கடன் தந்தையின் கடன் வரலாற்றிலும் நிற்கும். அவர் தம் பெயரில் வீட்டுக்கடன் கேட்கும்போது, தொடங்காத அத்தவணையையும் எதிர்காலப் பொறுப்பாக வங்கி எண்ணக்கூடும். என்றாலும் எல்லாக் கடன்களினும் இதுவே பொருட்படுத்தத்தக்க நற்கடன் என்பது நம் கருத்து. சாத்திரதானத்தை நான்கு தானங்களுள் ஒன்றாக வைத்த மரபினர் நாம்.

கடன் அட்டை

வலிமை என்னும் மூன்றாம் அளவுக்குக் கடன் அட்டையே தக்க சான்று. பாக்கி வைப்போரிடம் மாதத்துக்கு மூன்றரை விழுக்காடு அளவில் வட்டி கொள்ளும் அட்டைகள் பல. ஆண்டுக்கு என்று பெருக்கினால் நாற்பதைத் தாண்டும். ஊரில் இத்தகைய வட்டி கேட்பவனைக் கந்துவட்டிக்காரன் என்போம். பளபளப்பான அட்டையில் வரும்போது பெயர் மாறிவிடுகிறது.

நம் இளைஞர் ரூ.60,000 பாக்கிக்குக் குறைந்தபட்சத் தொகையாக மாதம் ரூ.3,000 கட்டுகிறார். அதில் வட்டி ரூ.2,100. வட்டிமீது சரக்கு சேவை வரி 18 விழுக்காடு, ரூ.378. அசலில் குறைவது ரூ.522 மட்டுமே. அம்மாதத்தில் ஐந்நூற்றிருபத்திரண்டு ரூபாய்க்கு மேல் அட்டையைப் பயன்படுத்தினால் கடன் குறையவே இல்லை, வளர்ந்திருக்கிறது.

மாதந்தோறும் முழுத்தொகையையும் உரிய நாளில் கட்டிவிடுவோர்க்கு அட்டையால் தீங்கில்லை. அவர்தம் நாணயம் கடன் வரலாற்றில் நன்றாகவே பதியும். கைப்பேசியும் குளிர்பெட்டியும் 'வட்டியில்லாத் தவணையில்' வாங்குவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை, அது விலையிலோ கட்டணத்திலோ மறைந்திருக்கிறது என்னும் கருத்தில் இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. வட்டி உண்டோ இல்லையோ, தவணை தவணையே. மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு பொருள்களுக்குக் கட்டுபவர், மூன்றரை லட்ச வீட்டுக்கடனை அடுக்களைக்கும் கைப்பைக்கும் கொடுத்துவிட்டார்.

நகைக்கடன்

இது பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். நம் குடும்பங்களில் மிகுதியாகப் புழங்குவதும், கணக்கில் மிகக் குறைவாகத் தென்படுவதும் இக்கடனே.

நகைக்கடன் பலவற்றில் மாதத் தவணை கிடையாது. ஆண்டு முடிவில் அசலையும் வட்டியையும் ஒருசேரக் கட்டி மீட்க வேண்டும். தவணை இல்லாததால் சில வங்கிகள் வீட்டுக்கடன் தகுதியைக் கணக்கிடும்போது இதனை ஒதுக்கிவிடுகின்றன. சில, மாதத்துக்கு எவ்வளவு வட்டி ஆகிறதோ அதனைப் பொறுப்பாகக் கொள்கின்றன. மூன்று லட்ச ரூபாயை 10 விழுக்காட்டில் வாங்கியிருந்தால், முதல்வகை வங்கியில் பாதிப்பு ஏதுமில்லை. இரண்டாம் வகையில் மாத வட்டி ரூ.2,500 எண்ணப்பட்டு 2.9 லட்சம் குறையும். இந்த நுட்பத்தை அறிந்தோர், வீடு வாங்கக் கையில் இருக்க வேண்டிய முன்பணத்துக்கு நகையை ஈடு வைக்குமாறு அறிவுரை கூறுகின்றனர். தகுதி குறையாமல் பணமும் கிடைத்துவிடுகிறதல்லவா என்பது அவர் வாதம்.

வங்கியின் தாளில் அது சரியே. குடும்பத்தின் தாளில் எழுதிப் பாருங்கள். ஆண்டு முடிவில் ரூ.3,30,000 வேண்டும். அதே ஆண்டில் வீட்டுக்கடன் தவணை வருவாயின் பாதியைக் கொண்டு சென்றுவிட்டது. மீட்க இயலாது, வட்டி ரூ.30,000 மட்டும் புரட்டிக் கட்டி, மறு அடகு வைக்கின்றனர். ஈராண்டு, மூவாண்டு சென்றபின் ஒரு நோயோ வேலையிழப்போ வரின், அந்த முப்பதாயிரமும் புரளாது. ஏல அறிவிப்பு வரும். ஏலத்துக்குச் செல்வது யாருடைய நகை? பெரும்பாலும் மருமகள் பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும். அதன் 14ஆம் பிரிவின்படி சீதனம் பெண்ணின் முழு உடைமை. அவள் விரும்பித் தந்தால் தரலாம். கேட்காமல் எடுப்பதும், மறுக்க இயலாத நிலையில் நிறுத்திக் கேட்பதும் கள்ளாமை என்னும் விரதத்துக்கு எவ்வளவு அருகில் செல்கின்றன என்பதை வீட்டுப் பெரியவர்களே எண்ணிப் பார்க்கட்டும். பெண்மக்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: நகையைத் தருமுன், அது எந்த நாளில், எந்தப் பணத்தைக் கொண்டு மீட்கப்படும் என்பதைக் கணவரிடம் எழுத்தில் கேளுங்கள். அன்பில்லாமையால் அன்று, கணக்கு அப்பொழுதுதான் தெளிவாகும்.

பிணைக் கையெழுத்து

வாங்காத கடனும் நம் வீட்டுக்கடனைக் குறைக்கும். நண்பருக்கோ உறவினருக்கோ பிணை நின்றோர் இதனைக் காலங்கடந்தே அறிகின்றனர். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, மாறாக ஒப்புக்கொள்ளாத வரையில், பிணையாளியின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு ஒத்ததே என்கிறது. முதலில் அவரிடம் கேட்டு, கிடைக்காவிடில்தான் நம்மிடம் வருவார்கள் என்று எண்ணுவது பிழை. அவர் ஒழுங்காகக் கட்டும்வரை நம் தகுதி அதிகம் குறையாதிருக்கலாம். அவர் தவறினால், தவறியது நம் கடன் வரலாற்றிலும் எழுதப்படும்.

கடன் வரலாறு என்றோமே, அது பற்றி இரண்டு சொல். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் நாட்டில் உள்ளன. அவற்றுள் சிபில் என்னும் பெயரே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. ஒவ்வொருவர்க்கும் 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை தம் முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனத்திடமும் கட்டணமின்றிப் பெற எவர்க்கும் உரிமை உண்டு. வீடு பார்க்கத் தொடங்குமுன் ஆறு மாதத்துக்கு முன்னரே இதனைப் பெற்றுப் படிக்க வேண்டும். அடைத்த கடன் அடையாததாகவும், எவருடையதோ நம்முடையதாகவும் பதிவாகியிருப்பது உண்டு. முறையீடு செய்து முப்பது நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிடில், நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு பெறவும் ரிசர்வ் வங்கி வழி செய்துள்ளது.

அரசு ஊழியர், ஆசிரியர் குடும்பங்களில் சிக்கன நாணயச் சங்கக் கடன், சேமநல நிதி முன்பணம், பண்டிகை முன்பணம் ஆகியவை சம்பளத்திலேயே பிடிக்கப்படும். கண்ணில் படாமல் கழிவதால் அவற்றைக் கடன் என்றே நாம் எண்ணுவதில்லை. சம்பளப் பட்டியலைப் பார்க்கும் வங்கி எண்ணும். ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின்மேல் வாங்கும் கடன் அத்தகையதன்று. மாதத் தவணை கட்டாயமில்லை, வட்டியைக் கட்டிவந்தால் போதும். ஆனால் குடும்பத்தலைவருக்கு ஏதேனும் நேர்ந்தால், அவர் விட்டுச்சென்ற கடன் கழிக்கப்பட்டே காப்பீட்டுத் தொகை வந்துசேரும்.

தாளில் ஏறாத கடன்

கைமாற்று, எடுத்துவிட்ட சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டிய மாதங்கள், ஊரில் நிலத்தின்மேல் வாங்கிய வட்டிப்பணம், அத்தையிடம் வாங்கிய ஐம்பதாயிரம் ஆகியவை எந்த நிறுவனத்தின் அறிக்கையிலும் இரா. விண்ணப்பத்தில் 'பிற கடன்கள்' என்னும் கட்டத்துக்கு நேரே 'இல்லை' என்று எழுதிவிடுவோர் பலர். எழுதச் சொல்லிக் கொடுக்கும் தரகரும் உண்டு. சம்பளச் சான்றைத் திருத்தித் தருவோரும் உண்டு. பொய்யாமை விரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களுள் கூடலேககிரியை ஒன்று. பொய்யான ஆவணம் எழுதுதல் என்பது அதன் பொருள். நம் ஆசாரியர்கள் அதனைத் தனியே பெயரிட்டு வைத்தது வீணன்று. சட்டத்தின் கண்ணிலும் அது குற்றமே. அது ஒருபுறம் இருக்க, மறைக்கப்பட்ட கடனுக்கும் மாதாமாதம் பணம் கொடுத்தாக வேண்டும். வங்கி அறியாததால் அத்தை அறியாதவர் ஆகிவிடுவாரா? கணக்கில் சேராத ரூ.5,000, வங்கி தந்த தகுதியை நம் வீட்டு அடுக்களையில் வந்து குறைக்கும்.

முன்பணத்துக்கே கடன்

வீட்டின் முழு விலைக்கும் வங்கி கடன் தருவதில்லை. கடன் 30 லட்சம் வரை எனில் மதிப்பில் 90 விழுக்காடு, அதற்குமேல் 75 லட்சம் வரை எனில் 80 விழுக்காடு, அதற்கும் மேல் எனில் 75 விழுக்காடு என ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதித்திருக்கிறது. முத்திரைத்தாள், பதிவுச் செலவுகள் பெரும்பாலும் இதில் சேரா. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் செய்த மாற்றத்தின்படி கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக்கட்டணம் 2 விழுக்காடு. எனவே 40 லட்ச ரூபாய் விலையுள்ள கட்டிய வீட்டுக்கு வங்கி தரக்கூடியது 32 லட்சம். நம் கையிலிருந்து 8 லட்சமும், பதிவுக்கு 3.6 லட்சமும் வேண்டும். மொத்தம் 11.6 லட்சம்.

இத்தொகை சேராத நிலையில் ஐந்து லட்சத்துக்குத் தனிநபர் கடன் எடுப்போர் உளர். பதினான்கு விழுக்காட்டில் ஐந்தாண்டுக்கு அதன் தவணை ரூ.11,634. நம் வாய்பாட்டால் பெருக்குங்கள்: 13.4 லட்ச வீட்டுக்கடன் தகுதி போயிற்று. வீட்டுக்கடன் ஒப்புதலான பிறகு, பதிவுக்கு முந்தின வாரத்தில் இதனை வாங்கினால் தகுதி குறையாதே என்பர். வங்கி பணம் வழங்குமுன் அறிக்கையை மறுபடியும் பார்ப்பதுண்டு. 2025 முதல் கடன் விவரங்கள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அந்நிறுவனங்களுக்குச் சென்றுவிடுகின்றன. பாராமல் விட்டாலும், இரண்டு தவணைகளையும் கட்டப்போவது ஒரே சம்பளந்தான். ஈராண்டு பொறுத்து அத்தொகையைச் சேர்த்தபின் வாங்குவதே மேல் என்போம். விலை ஏறிவிடும் என்னும் அச்சத்துக்கு, ஐந்தாண்டில் அக்கடன் கொள்ளும் வட்டி ஏறத்தாழ இரண்டு லட்சம் என்பதை எதிரே வைத்து நிறுத்துப் பார்க்கலாம்.

எதனை முதலில் அடைப்பது?

நம் இளைஞரிடம் சேமிப்பாக ரூ.85,000 இருக்கிறது. எதில் செலுத்துவது? வட்டியை நோக்கினால் அட்டை முதலாவது, அதில் ஐயமில்லை. தகுதியை நோக்கினால் விடை மாறுகிறது. வாகனக் கடனில் எஞ்சிய பத்துத் தவணைகளுக்குரிய அசல் சுமார் ரூ.25,000. அதனை அடைத்தால் ரூ.2,657 தவணை விடுபட்டு மூன்று லட்சத்துக்கு மேல் தகுதி திரும்புகிறது. அதே இருபத்தையாயிரத்தை அட்டையில் செலுத்தினால் விடுபடுவது ரூ.1,250. தனிநபர் கடனில் ரூ.2,40,000 அசல் நிற்கிறது. அதில் இருபத்தையாயிரம் குறைந்து தவணையும் அவ்விகிதத்தில் குறைக்கப்பட்டாலும் விடுபடுவது ரூ.850 அளவே. முடியும் தறுவாயில் உள்ள கடனை முடித்துவிடுவது தகுதிக்குப் பெருநன்மை. (சில தவணைகளே எஞ்சிய கடனைச் சில வங்கிகள் எண்ணாமல் விடுவதும் உண்டு, கேட்டறிக.) ஆக, வாகனத்துக்கு இருபத்தையாயிரம், அட்டைக்கு அறுபதாயிரம் என 85,000 ரூபாயும் இரண்டையும் ஒழித்துவிடும். திரும்பப் பெறும் தகுதி 6.5 லட்சம். அடைத்தபின் 'நிலுவை இல்லை' என்னும் சான்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

வங்கியின் வரம்பும் நம் வரம்பும்

இதுவரை கண்டது எவ்வளவு கிடைக்கும் என்பது. எவ்வளவு தாங்கும் என்பது வேறு வினா. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர்.

வங்கியின் பாதி வரம்பு, நம் வீட்டில் எத்தனை பேர் உண்கின்றனர் என்று கேட்பதில்லை. ஊரில் தாய்தந்தையர்க்கு மருந்துச் செலவு உண்டா, பிள்ளையின் பள்ளிக்கட்டணம் எவ்வளவு என்று கேட்பதில்லை. வட்டியும் நிலையாக நிற்பதன்று. 2022 மே மாதத் தொடக்கத்தில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 விழுக்காடு. 2023 பிப்ரவரியில் 6.5. பத்து மாதத்துக்குள் இரண்டரை விழுக்காடு ஏறிற்று. ஏழு விழுக்காட்டில் 30 லட்சம் வாங்கியவரின் தவணை ரூ.23,259. அது ஒன்பதரை ஆனபோது முப்பது லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே ரூ.23,750. பழைய தவணை வட்டிக்கே போதவில்லை! பல வங்கிகள் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டின; ஓய்வுபெற்ற பின்னும் கட்ட வேண்டிய நிலை சிலர்க்கு வந்தது. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, நிலைவட்டிக்கு மாறுவதா என்று கடனாளியைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பணித்தது. எனவே கடன் வாங்கும் நாளிலேயே இரண்டு விழுக்காடு கூட்டி வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

பொருள் வரம்பு விரதத்தின் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணும்போது, முதலில் வைப்பது நிலமும் வீடும் ஆகியவற்றின் அளவை மீறுதலை. தங்கமும் வெள்ளியும் அதற்குப் பின்னரே. அவ்வளவை வைக்க வேண்டியவர் இல்லறத்தார் தாமே. வங்கி மேலாளர் அல்லர். நம் இல்லங்களில் ஒரு வழக்கத்தைத் தொடங்கலாம். வீடு பார்க்கச் செல்லுமுன், கணவனும் மனைவியும் பெற்றோருடன் அமர்ந்து, உணவு, மருந்து, கல்வி, தானம் ஆகியவற்றுக்குரியதை முதலில் ஒதுக்கி, தவணை வரம்பைத் தாமே எழுதட்டும். பாதியினும் அது குறைவாகவே வரும். நாற்பதோ முப்பத்தைந்தோ வரும். எழுதிய தாளைப் பூசை அறையில் வைத்துவிட்டுப் பிறகு வங்கிக்குச் செல்லட்டும். பரணில் வைத்தால் எலி தின்றுவிடும், மறதியும் தின்றுவிடும்.

பயிற்சி

இளைஞர்கள் செய்து பார்க்க ஒரு கணக்குத் தருகிறோம். கணவனின் நிகர வருவாய் ரூ.45,000, மனைவியுடையது ரூ.25,000. இருவரும் சேர்ந்து கடன் கேட்கின்றனர். கல்விக்கடன் தவணை ரூ.5,286. வாகனக் கடன் தவணை ரூ.2,714. அட்டைப் பாக்கி ரூ.40,000. வட்டி 8.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டு. அ) வங்கி பாதி வரம்பு வைத்தால் கிடைக்கும் வீட்டுக்கடன் எவ்வளவு? ஆ) குடும்பம் தனக்குத் தானே 40 விழுக்காடு வரம்பு வைத்தால் எவ்வளவு? இ) அட்டைப் பாக்கியை முழுதும் அடைத்துவிட்டால் இரண்டாம் விடை எவ்வளவு உயரும்?

விடைகள்: அ) 28.8 லட்சம். ஆ) 20.7 லட்சம். இ) 2.3 லட்சம் உயர்ந்து 23 லட்சம் ஆகும்.